குறிஞ்சா தின்ற வாய்

நாவற்குடா நல்லரத்தினத்தாருக்கு யுத்தம் பிடித்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்கிற தைரியம் அவருக்கு இல்லை. ஆனால் கடையில் சீனி இல்லையென்றால், "நல்லதுதானே, சலரோகம் வராது" என்பார். கோதுமை மா வரவில்லையென்றால், "அந்தப் பசையை ஆர் தின்னச் சொன்னது? குரக்கனைத் தின்னுங்க" என்பார். வேறு வழியில்லாமல் வேலி முருங்கையை உருவி ஆக்கித் தின்கிற சனங்களைக் கண்டால், தானே மருந்து கொடுத்துக் குணமாக்கியவர் போலத் தலையை ஆட்டுவார். இளைப்பாறிய கிளாக்கர். பென்ஷன் தவறாமல் வந்ததால், மற்றவர்களின் பட்டினியில் நன்மை காண அவருக்கு நேரமும் இருந்தது.

அவர் சொன்னதில் பாதி சரி. அதுதான் பெரிய தொல்லை. முருங்கையிலையில் இரும்புச்சத்து இருப்பது உண்மை. ஆனால் இலையிலுள்ள இரும்பு இலகுவில் உடம்போடு சேராது. தேசிக்காய்ப் புளி விட்டால் அந்தப் புளிப்பு அதைச் சேரக்கூடிய பதத்துக்குக் கொண்டுவரும். மாறாக, சாப்பிட்ட கையோடு சாயம் கூடிய தேத்தண்ணி குடித்தால் தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கவ்விப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். நல்லரத்தினத்தார் தினமும் முருங்கைச் சுண்டலைத் தின்று, அதன்மேல் சீனி போடாத சாயத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இரத்தம் ஊறும் வழியை அயலாருக்குச் சொல்லிக் கொடுப்பார். அவருடைய முகமே வெளிறிப்போய்த்தான் இருந்தது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, தன் தங்கையின் மகன் கனகசிங்கத்துக்குப் பெண் பார்க்க அவர் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனார். மட்டக்களப்பில் தாய்மாமன் தலையசைக்காமல் கலியாணம் நடக்காது. அந்த ஒரு தலையசைப்புக்காக அவர் வெளுத்த வேட்டி, குடை, பொக்கற்றில் இரண்டு பேனை என்று முழு அலங்காரத்தோடு புறப்பட்டிருந்தார்.

பெண் புஸ்பம். வட்டை வயலை அடுத்த ஒரு கிடுகு வீட்டில், தாய் சீதேவிப்பிள்ளையோடு இருந்தாள். தகப்பனை ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போனது; அதன்பிறகு தகவல் இல்லை. தாய்க்கு முழங்கால் நோ. அரிசி, மண்ணெண்ணெய், மருந்து எது வேண்டுமென்றாலும் புஸ்பம்தான் துறையைக் கடந்து போய் வரவேண்டும். துறையில் ஆமியின் காவல் சென்றி இருந்தது. ஒருமுறை அவளை ஒரு பகல் முழுவதும் அங்கே இருத்தி வைத்து, புருசன் இருக்கிறானா, எங்கே இருக்கிறான், காட்டில் இயக்கத்தோடா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று, இவள் என்னுடைய மனைவி என்று சொல்ல ஓர் ஆண் வேண்டும். இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான் என்பதால், அந்த ஆண் கையெட்டும் தூரத்தில் இருப்பான் என்பது தாயின் நம்பிக்கை.

படகுத் துறைக்குப் போகும் வழியில், ஒரு வேலியில் குறிஞ்சாக்கொடி படர்ந்திருப்பதை நல்லரத்தினத்தார் கண்டார்.

குறிஞ்சாவில் இரண்டு வகை உண்டு. அகன்ற இலைக்காரன் சுண்டலுக்கு ஆகும். அதைத்தான் அவர் வீட்டில் ஆக்குவார்கள். இது சின்ன இலைக்காரன், சிறுகுறிஞ்சா. அதன் சாறு நாக்கில் இனிப்பை அறிகிற இடங்களில் போய்க் குந்திவிடும். பஸ் யன்னலால் கைலேஞ்சியைப் போட்டுச் சீற் பிடிப்பது மாதிரி. பிறகு சீனி வந்தால் அதற்கு இருக்க இடமில்லை. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், கைப்பு நன்றாகவே தெரியும். இனிப்பு மட்டும் வாசலில் நிற்கும். சாறு கழுவுப்பட்டுப் போகும்வரை, அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ, வாய்க்குள் போட்ட சீனி வெறும் மணல்தான்.

இதெல்லாம் நல்லரத்தினத்தாருக்குத் தெரியாது. ஒரு பிடி இலையை உருவி வாய்க்குள் திணித்தார்.

"கைப்புக் கூடினா மருந்தும் கூடும். தின்னு மருமகன்."

கனகசிங்கமும் வாங்கி, சப்பாமல் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டான். மாமன் படகில் ஏறிக் குடையைச் சரிபண்ணுகையில், முழுவதையும் வாவிக்குள் துப்பினான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வயதாகியும் அந்தச் சொல் அவனுக்குப் பழக்கமாகவில்லை. நல்லரத்தினத்தாரோ துறையில் இறங்கி, சென்றியைக் கடந்து, அந்த வீட்டு வேலி வாசலான கடப்படி வரைக்கும் சப்பிக்கொண்டே போனார்.

வந்தவர்களைப் பாயில் இருத்தினார்கள். நல்லரத்தினத்தார் முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு கிணற்றைப் பார்த்தார், கடைசியில் வேலியைப் பார்த்தார்.

"வேலியோரம் நிறைய வல்லாரை கிடக்கு. ஒரு இலை புடுங்கின அடையாளம் இல்ல. அதாலதான் உங்கட ஊரில ஒருத்தருக்கும் மூளை இல்ல."

"புடுங்கிறதுதான் அண்ணன். முளைக்குது" என்றாள் சீதேவிப்பிள்ளை.

புஸ்பம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கலியாணப் பேச்சுக்காலுக்கு வந்தவர்களுக்கு முதலில் கொடுப்பது இனிப்பாகத்தான் இருக்கவேண்டும். தாயும் மகளும் நிவாரணத்தில் கிடைத்த சீனியை வாயில் வைக்காமல், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் இந்த நாளுக்காகவே சேர்த்திருந்தார்கள்.

நல்லரத்தினத்தார் ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது.

"தங்கச்சி, சீனி இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்க. இல்லாத வீடெண்டு தெரிஞ்சுதானே வந்தனாங்க."

"போட்டிருக்கே அண்ணன்!"

"எனக்கு நாக்கு இருக்கு."

"நீங்க சீனி குடிக்கிறதில்லையாம் எண்டு சொன்னாங்க..."

"என்ட வீட்டில நான் குடிக்கிறதில்ல. அது கொள்கை. பேச்சுக்காலுக்கு வந்த இடத்தில வெறுஞ்சாயத்தக் கொண்டந்து வைச்சா, அது அவமரியாதை."

சீதேவிப்பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனாள். போத்தலில் மிச்சமிருந்ததைச் சுரண்டி வழித்துப் புதுத் தேத்தண்ணியில் கொட்டி, தானே கலக்கிக் கொண்டுவந்தாள். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் கரையக்கூடிய சீனிக்கும் மேல் சீனி இருக்கும்போல. அவ்வளவு அவசரத்தில் கலக்கியதால் பாதி அடியில் படிந்து கிடந்தது. கனகசிங்கத்துக்கும் அதிலேயே ஊற்றிக் கொடுத்தாள்.

நல்லரத்தினத்தார் குடித்தார். கோப்பையைப் பாயில் வைத்துத் தள்ளிவிட்டார்.

"ரெண்டாந்தரமும் அதே கழனித்தண்ணி. என்னோடயும் பகிடியா?" வாழைப்பழம் ஒன்றை உரித்துக் கடித்தார். "பழமும் புளிக்குது. மாப்பிள்ள கேக்கிற வீட்டில ஒரு கனிஞ்ச பழம் இல்ல. சீனியும் இல்ல, ஆம்பிளையும் இல்ல. என்னத்த நம்பி என்ட மருமகன இஞ்ச இருத்துறது?"

சீதேவிப்பிள்ளை தள்ளிவைத்த கோப்பையை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். பாகு. இந்த மனிசன் கண்ணுக்கு முன்னால் பொய் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். வேறெப்படி நினைப்பாள்? அவர் பொய் சொல்லவில்லை. தன் நாக்கு பிழைக்கலாம் என்று ஒரு கணமும் யோசிக்காத மனிதர், அவ்வளவுதான்.

புஸ்பம் கதவோரத்தில் நின்று வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகசிங்கம் கோப்பையை அண்ணாந்து கவிழ்த்து, அடியில் கிடந்த சீனி வழிந்து வரும்வரை பொறுத்திருந்து, உதட்டை நக்கினான். ஊரில் மாதக்கணக்கில் சீனி காணாத நாக்கு. அதில் பிழையில்லை. அவள் அவனையே பார்த்தபடி முன்னுக்கு வந்தாள்.

"நீங்களும் குடிச்சீங்கதானே? சொல்லுங்க. சீனி இருந்ததா, இல்லையா?"

கனகசிங்கம் கோப்பைக்குள் பார்த்தான். மாமனைப் பார்த்தான். மாமனின் குடைப்பிடியைப் பார்த்தான்.

"மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

"மாமாட நாக்கக் கேக்கல்ல. உங்கட நாக்கக் கேட்டன்."

"புள்ள!" என்று தாய் அதட்டினாள். "நீ உள்ள போ கா."

"போறன் அம்மா. இவர் சொல்லட்டும்."

அவன் கோப்பையைப் பாயில் வைத்தான். உதட்டின் ஓரத்தில் ஒரு சீனிப்பருக்கை ஒட்டியிருந்தது.

"சரி" என்றாள் புஸ்பம். "தேத்தண்ணியில சீனி இருக்கு எண்டு சொல்லப் பயப்பிடுற மனிசன், நாளைக்குத் துறையில ஆமிக்காரன் துவக்கை நீட்டி இவ ஆர் எண்டு கேட்டா என்ன சொல்லுவார்? மாமாவக் கேட்டுச் சொல்லுறன் எண்டா? எனக்கு இந்தக் கலியாணம் வேணாம் அம்மா. நான் தனியவே போய் வாறன்."

நல்லரத்தினத்தார் துள்ளி எழும்பினார். அவருடைய வாழ்நாளில் பெண் வீட்டார் மாப்பிள்ளையை வேண்டாமென்றதில்லை. அதுவும் இப்படி ஒரு பஞ்சப்பட்ட வீட்டில்!

"இதெல்லாம் சீனி தின்ற கொழுப்பு!" என்று கத்தினார்.

"இப்ப சீனி இருக்கெண்டுறீங்களா அண்ணன்?" என்றாள் சீதேவிப்பிள்ளை. கோபத்தில் அல்ல, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

அவர் குடையை விரித்துக்கொண்டு கடப்பைத் தாண்டிப் போனார். வெயில்கூட இல்லை. வழியில் கண்ட ஒரு கிழவனை நிறுத்தி, வல்லாரையை எப்படிச் சம்பல் போடவேண்டும் என்று சொல்லத் தொடங்கியது வீடுவரை கேட்டது.

கனகசிங்கம் செருப்பைத் தேடுவது போலப் பின்தங்கி நின்றான். மாமன் நல்ல தூரம் போய்விட்டார் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்:

"தேத்தண்ணி நல்ல இனிப்பு. உண்மையா."

புஸ்பம் தெருவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அங்க போய்ச் சொல்லுங்க. அவருக்குக் கேக்கிற மாதிரி. சொல்லிப்போட்டு வந்தா, மறுகா கதைப்பம்."

அவன் தெருவைப் பார்த்தான். மாமன் கிழவனை விட்டுவிட்டுத் துறைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். கனகசிங்கம் அவசரமாகச் செருப்பை மாட்டி, ஓட்டமும் நடையுமாய்ப் போய், மாமனுக்கு ஓரடி பின்னால் சேர்ந்துகொண்டான். வளைவு திரும்பும்வரை தாயும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் வாய் திறக்கவில்லை.