வைதேகி பிரான்ஸ் போய்வந்த கதை

சிட்னி விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் வரதராஜனின் பாஸ்போர்ட்டை இரண்டாவது தடவையாகப் புரட்டியபோதே ஏதோ சரியில்லை என்று வைதேகிக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிகளை எடை போட்டாகிவிட்டது. வரதராஜன் கழுத்துத் தலையணையைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டான்.

"இது அடுத்த மாதம் முடியப்போகிறது" என்றாள் அந்தப் பெண். "பிரான்சுக்குப் போக வேண்டுமென்றால் நீங்கள் திரும்பிய பிறகும் மூன்று மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். உங்களை ஏற்ற முடியாது, மன்னியுங்கள்."

அவள் கணவன் வரதராஜன் பாலம் கட்டும் எஞ்சினியர். ஒரு போல்ட் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். டிக்கெட், ஓட்டல், ஒயினுக்குப் பேர்போன போர்தோவின் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டும் படகு, எல்லாவற்றையும் அவனே பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்திருந்தான். தன் பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியை மட்டும் பார்க்கவில்லை. அவசரமாகப் புதியது வாங்கினாலும், அது கைக்கு வருவதற்குள் படகு கிளம்பிவிடும்.

அவனைத் திட்டத்தான் வைதேகி வாயைத் திறந்தாள். அதற்குள் சனிக்கிழமை விருந்து ஞாபகம் வந்துவிட்டது.

அவர்கள் குடியிருக்கும் சிட்னிப் புறநகர் லிட்கமில், ஹரிப்பிரியா வீட்டில் நடந்த வழியனுப்பு விருந்து அது. ஹரிப்பிரியா அடுத்த தெருக்காரி, நெருங்கிய தோழி. முன்னொரு முறை பிரான்ஸ் போய் வந்ததிலிருந்து, அவள் முன்னால் யாரும் ஒரு துண்டு ரொட்டியை நிம்மதியாகத் தின்ன முடியாது. அன்றைக்கு மட்டும் அவள் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். வரதராஜன் போர்தோ மண்ணைப் பற்றியும் அதில் விளையும் திராட்சையைப் பற்றியும் புத்தகம் படித்துவிட்டு வந்து பேசிக்கொண்டே இருந்தான். வைதேகி அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஹரிப்பிரியாவின் முகத்தைத்தான் ரசித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் முதியோர் சங்கத் தலைவர் சச்சிதானந்தன் அங்கிள் எழுந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர்.

"போற இடத்தில எல்லாத்தையும் பாருங்கோ. ஆனா அளவோட. நான் என்ர வாழ்க்கையில ஒரு சொட்டும் தொட்டதில்லை" என்று வாழ்த்தினார். பக்கத்தில் அவர் மனைவி யோகா அன்ரி, ஹெலன்ஸ்பர்க் கோயிலில் தேவாரம் பாடும் அதே முகத்தோடு தலையை ஆட்டினார்.

இத்தனைக்கும் பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கதவைத் திறப்பதா?

"லிட்கமுக்கு மட்டும் போகக் கூடாது" என்றாள் வைதேகி.

"வேற எங்க போறது?"

"திராட்சைத் தோட்டம்தானே பார்க்கணும்? வாடகைக்கு ஒரு கார் எடு. ஹன்டர் வேலிக்குப் போவோம். அங்க இருந்தே பிரான்ஸ் போயிட்டு வரலாம்."

வரதராஜன் மறுக்கவில்லை. மறுக்கும் நிலையில் அவன் இல்லை.

சிட்னியிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, ஒரு சின்ன விடுதியில் போய் இறங்கினார்கள். மறுநாள் காலை ஜன்னல் திரையை விலக்கியபோதுதான் வைதேகிக்குச் சிக்கல் புரிந்தது. அது ஜூலை மாதம். பிரான்சில் நல்ல வெயில்காலம், கொடியெல்லாம் பச்சைப்பசேல் என்றிருக்கும். இங்கே குளிர்காலம். மலையடிவாரம் முழுக்க, யாரோ வரிசையாக விறகு நட்டு வைத்த மாதிரி இலையில்லாத கட்டைகள்.

"வெளியில போட்டோவே எடுக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். விமானம் போய்ச் சேரும் நேரம்வரை பொறுத்து, ஒரு வெள்ளைச் சுவரின் முன்னால் இரண்டு கோப்பைகளை வைத்துப் படமெடுத்து, 'வந்து சேர்ந்தாச்சு!' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பூங்கொத்துப் படங்களாக வந்து குவிந்தன. ஹரிப்பிரியா மட்டும், 'சுவரு நல்லா இருக்கு. தோட்டத்தைக் காட்டுடி' என்று எழுதியிருந்தாள்.

அடுத்த இரண்டு நாளும் ஒயின் வைக்கும் நிலவறை நிலவறையாக ஏறி இறங்கினார்கள். மண் பாதை ஒன்றின் கோடியில் பாஸ்கல் என்பவரின் சிறிய பண்ணை இருந்தது. நரைத்த தாடி, சேறு படிந்த பூட்ஸ், காலைச் சுற்றும் ஒரு கிழட்டு நாய். வைதேகி அங்கே ஒரு பீப்பாயின் மேல் பாட்டிலை வைத்து, 'ஆஸ்திரேலியா' என்ற எழுத்து தெரியாதபடி திருப்பித் திருப்பிப் படமெடுப்பதை அவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் லேபிளில் என்ன குறை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் உச்சரிப்பைக் கேட்டதும் வைதேகி நிமிர்ந்தாள். "நீங்கள் எந்த ஊர்?"

"போர்தோ. இங்கே வந்து தலை நரைத்துவிட்டது."

கடவுளே அனுப்பிய ஆள் என்று தோன்றியது. வைதேகி உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டாள். பாஸ்கல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, திடீரென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"போர்தோ என்று சொல்லிவிட்டீர்கள். இனி இது என் ஊர் மானப் பிரச்சினை. அரைகுறையாகச் செய்யக் கூடாது."

சுவரிலிருந்த ரக்பி காலண்டரைக் கழற்றினார். பியர் வைக்கும் ஐஸ் பெட்டியைக் காலால் தள்ளி மறைத்தார். பழைய பெட்டியிலிருந்து தன் தாத்தாவின் படத்தை எடுத்து மாட்டினார். கடைசியாக வரதராஜனைப் பார்த்து, "அந்தக் கம்பளிக் கோட்டைக் கழற்றுங்கள். அங்கே வெயில்காலம்" என்றார்.

அரைக்கைச் சட்டையில், பல் கிட்டிக்க, வரதராஜன் வெயில்காலப் புன்னகை புரிந்தான். படம் பிரமாதமாக வந்தது.

அதைக் குழுவில் போட்ட சூட்டோடு ஹரிப்பிரியா வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். சிட்னியில் சாயங்காலம் ஐந்து மணி. பிரான்சில் காலை ஒன்பது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வைதேகி நிலவறை விளக்குக்கு நேராக ஓடிப்போய் நின்றுகொண்டாள்.

"போன்ஜூர்டி! காலங்கார்த்தாலேயே குடிக்க ஆரம்பிச்சாச்சா?"

"இங்க எல்லாரும் அப்படித்தான்" என்றாள் வைதேகி.

பாஸ்கல் குறுக்கே வந்து பிரெஞ்சில் ஏதோ பொழிந்தார். ஹரிப்பிரியா சொக்கிப் போனாள். அந்த நேரம் பார்த்து, கூரைக்கு மேலே மரத்தில் உட்கார்ந்திருந்த குக்கபராப் பறவை ஒன்று தன் சாயங்காலச் சிரிப்பைத் தொடங்கியது. கெக்கெக்கே என்று ஆரம்பித்து, ஊரே கேட்கும்படி உச்சத்துக்குப் போயிற்று. ஆஸ்திரேலியாவில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூடத் தெரிந்த குரல்.

"என்னடி சத்தம் அது?"

வைதேகியின் கண் பாஸ்கலைத் தேடியது. "அது... அவர் சிரிக்கிறார்."

பாஸ்கலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தப் பார்வை புரிந்தது. தலையை அண்ணாந்து, அந்தப் பறவைக்குப் போட்டியாக அப்படியொரு சிரிப்புச் சிரித்தார். நாய் பயந்து குரைத்தது.

"பிரெஞ்சுக்காரங்க மனசு விட்டுச் சிரிப்பாங்கடி. நான்தான் பார்த்திருக்கேனே" என்றாள் ஹரிப்பிரியா.

அன்றிரவு வரதராஜனும் வைதேகியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பாஸ்போர்ட்டுக்காக அவனைத் திட்ட வேண்டியிருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோனது.

இரண்டு நாள் கழித்து, படம் பிடிக்க மறுபடியும் பாஸ்கலிடம் போனபோது வாசலில் ஒரு வெள்ளை டொயோட்டா நின்றது. எங்கேயோ பார்த்த வண்டி மாதிரி இருக்கிறதே என்று வைதேகி யோசிப்பதற்குள் கால் உள்ளே போய்விட்டது. சச்சிதானந்தன் அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தார். யோகா அன்ரி ஒரு கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி நின்றிருந்தார்.

அங்கிளின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. நாய் அதை எடுத்துக்கொண்டது.

"நீங்கள் பிரான்சில எல்லோ?" என்றார் அங்கிள்.

"நீங்க ஒரு சொட்டுகூடத் தொடமாட்டீங்களே அங்கிள்?" என்றாள் வைதேகி.

"ஓம், தொடுறேல்லை. இப்பவும் தொடேல்லை."

யோகா அன்ரி கண்ணைத் திறந்தார். "அவர் பொய் சொல்லேல்லைப் பிள்ளை. குடிக்கிறது நான். அவர் காரோட்ட மட்டும்தான் வாறவர்." ஒரு வாய் பருகினார். "தேவாரத்துக்கும் இதுக்கும் ஒரு சண்டையும் இல்லை. சனத்துக்குத்தான் விளங்காது. அதுசரி, நீங்கள் ஏன் பிரான்சுக்குப் போகேல்லை?"

வரதராஜன் பாஸ்போர்ட் கதையைச் சொன்னான். அன்ரி சிரித்த சிரிப்பில் கோப்பை ஆடியது.

"அப்ப இப்பிடிச் செய்வம். நீங்கள் எங்களைக் காணேல்லை, நாங்கள் உங்களைக் காணேல்லை" என்றார். அங்கிள் நிம்மதியாக இன்னொரு துண்டு பாலாடைக்கட்டியை எடுத்தார்.

பத்தாம் நாள் லிட்கமுக்கு வந்து சேர்ந்தார்கள். நீண்ட விமானப் பயணக் களைப்பை முகத்தில் ஏற்றிக்கொள்ள வைதேகி மெனக்கெட்டாள். அவள் நினைத்ததைவிட நன்றாகவே எல்லாம் போயிற்று, அன்று சாயங்காலம் ஹரிப்பிரியா வீட்டில் எல்லாரும் கூடும்வரை.

"எங்க கல்யாண நாளுக்கு நாங்களும் போறோம்" என்றாள் ஹரிப்பிரியா. "அந்தச் சிரிக்கிற மனுஷனைத்தான் முதல்ல பார்க்கணும். ஸ்ரீகாந்த் இப்பவே டிக்கெட் போடறான். அட்ரஸ் சொல்லு."

அவள் கணவன் ஸ்ரீகாந்த் லேப்டாப்பில் கை வைத்துக் காத்திருந்தான். வைதேகி வரதராஜனைப் பார்த்தாள். வரதராஜன் கூரையைப் பார்த்தான்.

"அந்தாள் இப்ப அங்க இல்லையே" என்றது ஒரு குரல். யோகா அன்ரி. "ஒஸ்ரேலியாவுக்கு வந்திட்டாராம். ஹன்டர் வேலியில. நேற்றுத்தான் வந்தவராம்."

அங்கிளுக்குப் புரையேறியது.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அன்ரி?"

"வைதேகிதான் சொன்னவ. என்ன பிள்ளை?"

"ஆமா" என்றாள் வைதேகி. வேறு என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மூன்று கார்கள் கிளம்பின. பாஸ்கலுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. அவர் உற்சாகத்தின் உச்சியில் இருந்தார். புதிதாக வந்தவருக்கு ஆங்கிலம் தெரியக் கூடாது என்று தானே முடிவு செய்துகொண்டு, வாசலிலேயே பிரெஞ்சில் தொடங்கிவிட்டார். ஹரிப்பிரியாவின் பிரெஞ்சு போன்ஜூரோடு தீர்ந்துவிட்டது. எல்லாரும் விழித்தார்கள். யோகா அன்ரி முன்னால் வந்தார்.

"எங்கட மூத்தவள் பிரான்சில, பரிஸில இருக்கிறவள். எனக்குக் கொஞ்சம் விளங்கும்" என்றார். "எல்லாரும் வந்தது சந்தோசமாம். முதல்ல பெரியவையள் குடிச்சுப் பாக்கவேணுமாம். அதுதான் அங்கத்தை முறையாம்."

பாஸ்கல் ஊற்றினார். அன்ரி முறைப்படி நடந்துகொண்டார்.

"பழக்கமில்லாதவங்க, பார்த்து அன்ரி" என்று ஸ்ரீகாந்த் கவலைப்பட்டான்.

அப்போது ஹரிப்பிரியா காரிலிருந்து ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு கம்பளி, ஒரு டப்பா முறுக்கு, பொங்கல் செய்ய அரிசியும் பருப்பும், புத்தம் புதிய ரைஸ் குக்கர்.

"நாங்க சிட்னி வந்த புதுசுல தலையணைகூட இல்லாம தரையில படுத்தோம்" என்றாள் பாஸ்கலைப் பார்த்து, ஆங்கிலமும் தமிழும் கலந்து. "ஊரை விட்டு வந்து தனியா நிக்கிறது எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். எது வேணும்னாலும் கேளுங்க. நாங்க இருக்கோம்." சொல்லிக்கொண்டே ரைஸ் குக்கரை அவர் கையில் கொடுத்தாள். "அன்ரி, இதை அவருக்குச் சொல்லுங்க."

யோகா அன்ரி வாயைத் திறந்தார். ஹரிப்பிரியாவின் முகத்தைப் பார்த்ததும் கோப்பைக்குள் குனிந்துகொண்டார். பாஸ்கல் ரைஸ் குக்கரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார்.

வைதேகியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஹரி, இவர் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நல்லா இங்கிலீஷ் பேசுவார். நாங்க பிரான்ஸ் போகவே இல்லை. வரதுவோட பாஸ்போர்ட் பிரச்சினை. பத்து நாளும் இங்கதான் ஒளிஞ்சிருந்தோம்."

இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்று வைதேகி நினைத்தாள்.

"போகவே இல்லையா?" என்றாள் ஹரிப்பிரியா.

"இல்லை."

"ஏர்போர்ட்டோட சரியா?"

"ஆமா."

"அப்போ நம்ம ஏரியாவுல..." ஹரிப்பிரியா நிறுத்தினாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று வைதேகி பயந்தாள். அழுகை இல்லை, அவள் அடக்கப் பார்த்ததும் அடங்காததும் சந்தோஷம். பிரான்ஸ் போய் வந்தவள் இன்னமும் அவள் ஒருத்திதான். முகமெல்லாம் வெளிச்சமாகி, வைதேகியைக் கட்டிக்கொண்டாள். "அய்யோ பாவம்டி நீ! பரவாயில்லை, பரவாயில்லை. இவ்வளவு ஏன் மறைச்சே? நான் உனக்கு எல்லா போட்டோவும் காட்டறேன், நிதானமா, முதல்லேர்ந்து."

"காட்டு" என்றாள் வைதேகி. வேறு வழியில்லை.

"மன்னியுங்கள், மேடம்" என்றார் பாஸ்கல் தெளிவான ஆங்கிலத்தில். ஆனால் ரைஸ் குக்கரை அவர் கீழே வைக்கவில்லை.

ஸ்ரீகாந்த் மெதுவாகத் திரும்பினான். "அது சரி, அன்ரி... அப்போ நீங்க பிரெஞ்சிலேர்ந்து மொழிபெயர்த்தது?"

எல்லாத் தலைகளும் திரும்பின. சச்சிதானந்தன் அங்கிள் கார் சாவியைத் தடவியபடி கதவோரம் நகர்ந்தார். வைதேகி வாயை இறுக மூடிக்கொண்டாள். அன்ரியை அங்கே காணவில்லை என்று கொடுத்த வாக்கு வாக்குதான்.

யோகா அன்ரி ஒரு கணம் யோசித்தார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கோப்பையைப் பாஸ்கலிடம் நீட்டினார்.

"மற்றச் சிவப்பை ஊத்தும் தம்பி, போன முறை தந்தது" என்றார். மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கோயில்ல ஒருதரும் மூச்சு விடப்படாது, என்ன?"