அத்தர்க்காரர் மூக்கு

ஊரில் வியாபாரிகளுக்கெல்லாம் பணம் முதல். மயிலாப்பூரில் அத்தர் விற்கும் அப்துல் கரீமுக்கு மூக்குதான் முதல். சந்தனத்தில் கலப்படமென்றால் புட்டியை மூடும் முன்பே பாதி விலை கேட்பார். அதனால்தான், அடையாறு வீட்டு மூங்கில் புதரில் ஏதோ செத்து நாறுகிறதென்று வாடிக்கைக்காரி ஜானு அவரை அழைத்தாள். கரீமின் மகள் ரூபீனாவும் கூட வந்தாள்.

"தேடிப் பாத்தாச்சு பாய், ஒண்ணும் ஆப்பிடலை. உங்க மூக்குக்குத் தப்பாது."

மூங்கிலடியில் ஒரு காளான் நின்றது. வெள்ளைத் தண்டு, அதைச் சுற்றிக் கல்யாணப் பெண்ணின் முக்காடு போல வலை, தலையில் ஈ மொய்க்கும் பச்சைக் குழம்பு. கரீம் தொழில் வழக்கப்படி குழம்பைத் தொட்டுப் புறங்கையில் தேய்த்து, கண்மூடி முகர்ந்தார்.

"இது இல்லம்மா. இதுல வாசனையே இல்ல. எலிதான் எங்கியோ செத்துக் கீது."

ஜானு முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். வேலியோரம் வாந்தியெடுத்துவிட்டு வந்த ரூபீனா, கைபேசியில் படமெடுத்துத் தேடினாள்.

"இதான் அத்தா. பேரே நாத்தக் காளானாம்."

ஜானு மெதுவாகக் கேட்டாள்: "அப்போ போன மாசம் நீங்க மோந்து பாத்துக் குடுத்த மல்லி அத்தர்?"



பேருந்தில் ரூபீனா கேட்டாள். "எப்பலேந்து அத்தா?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம். கடைப் பக்கம் யாராண்டயும் சொல்லாதம்மா."

"ஜானும்மா சொல்லுவாங்களே."

அத்தனை கூட்டத்திலும் அவர்களை யாரும் நெருங்கவில்லை. கரீம் புறங்கையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார்.