இரண்டாவது பெயர்

கடிதம் கேட்க ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவள் பட்ட பாட்டைப் பார்த்து, மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று அக்கா கேலி செய்தாள். அவள் விண்ணப்பிக்கும் கல்லூரி, பள்ளியில் பாடம் நடத்திய இரண்டு ஆசிரியர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தது. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு ஓடுகிறவளை நெருங்கி அறிந்த ஆசிரியர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

இயற்பியல் சார் கேட்டவுடனே சரி என்றார். அத்தோடு ஒரு இடம் நிரம்பியது. இரண்டாவது இடத்துக்கு மொழிப்பாட டீச்சரைத்தான் அவள் மனதில் வைத்திருந்தாள். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரி. யார் கட்டுரை கொடுத்தாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவளுக்கோ, தான் எழுதியதை ஒருவர் வரி விடாமல் படிக்கிறார் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. மாடிப்படியில் அவரை நிறுத்திக் கேட்டாள். டீச்சர் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று மேலே ஏறிப் போனார்.

அவள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது, மறுபடி வாயைத் திறக்கக் கூடாது. டீச்சரும் முகம் முறியாமல் மறுத்துவிட்டார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். அந்த வாரக் கடைசியிலேயே பள்ளி முதல்வரின் அறைக்குப் போய் நின்றாள். முதல்வர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதற்கென்ன, நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அன்றே விண்ணப்பத்தில் இரண்டாவது பெயராக அவர் பெயரை எழுதினாள். எழுதும்போது மனதின் ஒரு மூலையில் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்ததையும் அவள் கவனிக்காமல் இல்லை. டீச்சரைவிட முதல்வரின் கையெழுத்துக்கு எடை அதிகம் அல்லவா?

அடுத்த வாரம் ஒரு மதியம், கடையின் பின்னறையில் கண்ணாடி வில்லையைச் சாணையில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளைச் சேறு. முன்பக்கம் ஏதோ வாக்குவாதம். எட்டிப் பார்த்தால், முந்தின நாள் கண்ணாடி வாங்கிப்போனவர் தலைவலி என்று திரும்பி வந்திருந்தார். புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று முதலாளி சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை வாங்கி அளந்து பார்த்தாள்.

"தப்பு என்னோடது சார். வில்லையோட மையம் கண்ணுக்கு நேரா வராம தள்ளி வெட்டியிருக்கேன். உக்காருங்க, வேற போட்டுத் தர்றேன்."

முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றி எரிந்திருக்கும். அதைத் தாங்க முடியாமல் திரும்பியபோதுதான், சுவரோரம் வாடிக்கையாளர் நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் கைப்பை. ஒரு முழங்காலை நீட்டி வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை. சாயங்காலத்தில் மட்டும் பார்க்கிற பெண்ணைப் பற்றி என்ன எழுதுவது, பகலில் எப்படி இருக்கிறாள் என்று பார்க்காமல் எழுதினால் அரைகுறையாகத்தானே இருக்கும், அதனால்தான் விடுப்புப் போட்டு வந்தேன் என்று சொன்னார். இரண்டு பேருந்து மாறி வந்ததை ஒரு புகாராகக்கூடச் சொல்லவில்லை.

"என்ன எழுதறதுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. தப்புன்னா அந்த இடத்துலயே ஒத்துக்கற பொண்ணு. இதைவிட வேற என்ன வேணும்?"

முதல்வர் பெயரைப் போட்டுவிட்டதை இவரிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்துவிடலாம். இவர் எழுதிக் கொடுக்கட்டும், வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு வாடிக்கையாளரின் தலைவலிக்கு உடனே வந்த வார்த்தை, இந்த முழங்கால் வலிக்கு வர மறுத்தது. டீச்சர் எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டி, வாசல்படியில் ஒரு காலை வைத்த பிறகுதான் பின்னாலேயே ஓடினாள்.

"டீச்சர், நான் முதல்வர் பேரைப் போட்டுட்டேன். நீங்க மாட்டேன்னு சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன்."

"மாட்டேன்னா சொன்னேன்?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் ஏன்மா ஒரு வார்த்தை கேக்கல?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அந்தச் சின்ன சந்தோஷம்தான் பதில். அதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போதே போய்ப் பெயரை மாற்றிவிடுகிறேன், கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாள். டீச்சர் மறுப்பாகத் தலையசைத்தார். கோபமாக இருந்திருந்தால் தேவலை. அவர் முகத்தில் இருந்தது வெறும் களைப்பு.

"வேண்டாம். இப்ப எழுத உக்காந்தா, கடையில பாத்ததை எழுதவா, வாசல்ல கேட்டதை எழுதவான்னு எனக்கே குழப்பமா இருக்கும். ரெண்டுல எதை விட்டாலும் அது நியாயமா இருக்காது. அவர்கிட்டயே வாங்கிக்கோ."

போகும்போது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கைகொடுக்கப் போனவளிடம், பரவாயில்லை, உள்ளே ஆள் காத்திருக்கிறார் என்றார். அவள் உள்ளே போனாள். புது வில்லையை வெட்டி மாட்டிக் கொடுத்தாள். வாடிக்கையாளர் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது நன்றாகத் தெரிகிறது, நல்ல பெண் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

முதல்வருக்காகத் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருந்த தாளை அன்று மாலை எடுத்தபோது கூச்சமாக இருந்தது. உழைப்பாளி, பொறுப்பானவர், நேர்மையானவர். கடைசி வார்த்தையை அடித்தாள். மற்ற இரண்டையும் அடிக்கத் தைரியம் இல்லை. கல்லூரியில் இடம் வேண்டுமே.

முதல்வர் தாளை வாங்கி மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினார். நீ காலை வகுப்பா, மாலை வகுப்பா என்று விசாரித்தார். அடித்த இடத்தில் அவர் பேனா நின்றது.

"இதை ஏம்மா அடிச்சே? எல்லாருக்கும் போடறதுதானே."

"அது வேண்டாம் சார்."

"அட, அடக்கம் வேறயா? அதையும் சேத்துக்கலாம்."

அடித்த வார்த்தையின் மேலேயே மறுபடி எழுதி, பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்து, தட்டச்சு செய்பவரிடம் தாளை நீட்டினார். அவள் வாயைத் திறந்தாள். முதல்வர் அதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டார். பக்கத்து அறையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அது முடிகிறவரை அவள் ஒன்றும் சொல்லவில்லை.