இருநூறு கேபிக்குள் தன்ஷிகா

குழந்தை ஆதரவுத் துறையின் இணையதளத்தில் ஏற்றுவதற்காக ஒரு பொருளின் படத்தைச் சுருக்கினால், அந்தப் பொருளும் கூடவே சுருங்கிவிடும். சங்கரன்கோவிலில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. மனுப் போட்ட வீட்டில் கட்டில் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டால் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இதில் துறையைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு கோப்பு இருநூறு கேபிக்கு மேல் போகக் கூடாது என்று மட்டும்தான் துறை சொல்லியிருக்கிறது.

பிள்ளைச் செலவுக்குப் புருஷன் பணம் தர வேண்டும் என்று கோமதி ஆடி மாதம் மனுப் போட்டாள். ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. காலையில் ஒன்பதரைக்கு நின்றால் கடை சாத்துகிற வரைக்கும் நிற்க வேண்டும். புருஷன் சுடலைமுத்து மூன்றரை வருஷத்துக்கு முன்னால் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன். போன ஆறாம் மாதமே பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான். போன் அடித்தாலும் எடுப்பதில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது, சும்மா இருந்துவிட்டான். மகள் தன்ஷிகாவுக்கு எட்டு வயது. அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, வளர்ந்துகொண்டே இருந்தாள். ஜூனில் வாங்கின ஷூ ஆகஸ்டில் பத்தவில்லை. ஒற்றை ஆளாக இந்தப் பிள்ளையை வளர்த்து எடுக்க முடியாது என்பது ஒருநாள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கோமதிக்குத் தெளிவாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்துத் துறையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பிள்ளை வளர்ப்பதற்கான ஆதாரங்களை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், தவறினால் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை என்று கருதி மனு முடித்துவைக்கப்படும் என்று அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை கோமதி கடையில் லீவு சொன்னாள். ஆதாரங்களையும் தன்ஷிகாவையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெபமணியின் பிரௌசிங் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஜெபமணி ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்த மனுஷன். எதற்கும் பதற மாட்டார். முதலில் புத்தகப் பையைப் படம் பிடித்துச் சுருக்கினார். பை உள்ளங்கையில் உட்காருகிற அளவுக்கு வந்தது. அதை ஏற்றுவதற்குப் பொத்தானை அமுக்கியபோது இணையதளம் ஓடிபி கேட்டது. ஓடிபி போனதோ திருப்பூரில் இருக்கும் சுடலைமுத்துவின் போனுக்கு. கல்யாணமான புதிதில் ஆதார் எடுக்கப் போனபோது கோமதி புருஷன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். அவள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். சொந்த நம்பரைக் கொடுத்தால் என்னவோ தனிக்குடித்தனம் கேட்கிற மாதிரி இருக்கும் என்று ஒரு எண்ணம்.

ஆகவே புருஷன் மேல் போட்ட மனுவுக்குப் புருஷனிடமே ஓடிபி கேட்க வேண்டியதாயிற்று. மூன்று வருஷமாக எடுக்காத போனைச் சுடலைமுத்து முதல் மணியிலேயே எடுத்தான். ஓடிபி என்றால் மனுஷனுக்கு எங்கிருந்தோ ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. ஆறு எண்களையும் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை வாசித்தான். பத்து நிமிஷம்தான் செல்லும், பார்த்துக்கொள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

இப்படியே ஷூ போயிற்று, இரண்டு செட் யூனிஃபார்ம் போயிற்று, சைக்கிள் போயிற்று, காய்ச்சலுக்கு வாங்கின மருந்து பாட்டில் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓடிபி. சைக்கிள் கொஞ்சம் முரண்டு பிடித்தது, மணியைக் கழற்றித் தனிக் கோப்பாக ஏற்ற வேண்டியிருந்தது. மூன்று வருஷமாகப் பேசாத பேச்சையெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் அன்று ஒரே நாளில் எண்களாகவே பேசித் தீர்த்தார்கள்.

கடைசியாகக் குழந்தை. பயனாளியும் ஆதாரத்தில் சேர்த்தி என்று இணையதளம் சொன்னது. ஜெபமணி தன் சட்டைப்பைச் சீப்பை எடுத்துத் தன்ஷிகாவின் தலையைப் படிய வாரிவிட்டு, நீலத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். நான்கு எம்பி இருந்தாள். சுருக்கினார். ஒரு சாண் உயரத்துக்கு வந்தாள். பிள்ளைக்கு ஏக சந்தோஷம். கீபோர்டின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். அவள் ஆட்ட ஆட்ட, விண்ணப்பத்தில் கோமதியின் பெயருக்கு நடுவில் இடைவெளி விழுந்துகொண்டே இருந்தது. ஜெபமணி அவளை அலுங்காமல் தூக்கிக் கால்குலேட்டர் மேல் உட்கார வைத்தார்.

இது எதற்கான ஓடிபி என்று அன்றைக்கு முதல் தடவையாகச் சுடலைமுத்து கேட்டான். பாப்பாவுக்கு என்றாள் கோமதி. அவன் இந்த எண்களை மட்டும் மூன்று தடவை வாசித்தான்.

இணையதளம் ஓடிபியை வாங்கிக்கொண்டு, ஆதாரம் தெளிவாக இல்லை என்றது. சுருங்கினதில் பிள்ளை கொஞ்சம் மங்கியிருந்தது உண்மைதான். ஜெபமணி தெளிவைக் கூட்டினார், முந்நூற்றுப் பத்து கேபிக்குப் போய்விட்டாள். இணையதளம் அளவு அதிகம் என்றது. அளவைக் குறைத்தார், மறுபடியும் மங்கினாள். அளவு சரியானால் தெளிவு இல்லை, தெளிவு சரியானால் அளவு தாண்டுகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் திருப்பூரிலிருந்து ஒரு ஓடிபி வந்துகொண்டிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, சுடலைமுத்து ஒரு தடவைகூட முகம் சுளிக்கிற குரலில் பேசவில்லை.

நாலே முக்காலுக்கு அவள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு கேபிக்கு வந்து நின்றாள். சுண்டுவிரல் உயரம் இருந்தாள். திரையில் பச்சை டிக் விழுந்தது. கோமதி மகளை உள்ளங்கையில் ஏந்திக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டங்கள் இருந்தன. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ அசைந்தது.

"பாப்பா, சிரிக்கியா, அழுறியா?" என்று கேட்டாள்.

பதிலுக்கு ஒரு சத்தம் வந்தது. அதை வைத்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாள் முழுக்க நின்று காலெல்லாம் வீங்கி வீட்டுக்கு வருவதே அந்த ஒரு முகத்தைப் பார்க்கத்தான். ஜெபமணி பொத்தான் மேல் விரலை வைத்திருந்தார்.

"ஏத்திருவோம் தங்கச்சி. இப்ப எடுத்துக்கிடும்."

"வேண்டாம் அண்ணாச்சி. எம்புள்ள முகம் எனக்கே தெரியல. பழையபடி ஆக்கித் தாங்க."

பழையபடி ஆக்கினால் ஐந்து மணி தாண்டிவிடும், பிள்ளைக்குத் தகப்பன் இல்லை என்று எழுதிவிடுவார்கள் என்று ஜெபமணி பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"மூணு வருசமா அப்படித்தான இருக்கா," என்றாள் கோமதி.

ஜெபமணி விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார். எத்தனை தடவை சுருக்கினாரோ அத்தனை தடவை பின்னுக்குப் போகிற பொத்தானை அமுக்கினார். ஒவ்வோர் அமுக்குக்கும் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, கடைசி அமுக்கில் மேஜை முழுக்க உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறாள். கோமதி அவளை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எட்டு வயசுப் பிள்ளையைத் தூக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது.

மற்ற பொருள்களெல்லாம் ஏற்கெனவே ஏறிவிட்டதால் திரும்பப் பெரிதாகவில்லை. திங்கட்கிழமை தன்ஷிகா பழைய பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போனாள். புத்தகப் பையைக் கையில் வைத்துக்கொண்டு திரியாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளும்படி டீச்சர் சொன்னார். வீட்டுப்பாடம் எழுதுவதற்கு ஜெபமணி ஒரு பூதக்கண்ணாடி கொடுத்தனுப்பினார்.

இருபது நாள் கழித்துப் பதிவுத் தபாலில் உத்தரவு வந்தது. மனு முடிந்தது என்ற சேதியாகத்தான் இருக்கும் என்று கோமதி நின்றுகொண்டே பிரித்தாள். பாதி வாசித்ததும் உட்கார்ந்துகொண்டாள்.

குழந்தை உரிய நேரத்துக்குள் வந்துசேரவில்லை என்று துறை முதலில் வருத்தம் தெரிவித்திருந்தது. ஆனால் எதிர்மனுதாரர் இந்தக் குழந்தைக்காக ஒரே நாளில் முப்பத்தோரு முறை ஓடிபி சொல்லியிருக்கிறார். தகப்பனாக இல்லாத ஒருவர் முப்பத்தோரு முறை ஓடிபி சொல்வது வழக்கத்தில் இல்லை. எனவே தகப்பன் இருப்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை என்று துறை முடிவுசெய்திருந்தது.

அடுத்த பத்தி சுடலைமுத்துவின் வசதியைப் பற்றியது. அவனும் ஆதாரம் ஏற்ற வேண்டியிருந்தது. அவன் ஒரே ஒரு தாளை ஏற்றியிருந்தான். 'இந்த உடம்பைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை' என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். படம் எதுவும் இல்லாததால் பதினோரு கேபிதான். முதல் தடவையிலேயே ஏறிவிட்டது. துறை அதைப் பரிசீலித்து முழுமையாக ஏற்றுக்கொண்டது. மேற்படி உடம்பைக் குழந்தைக்கு மாதத் தவணைகளில் வழங்கும்படி உத்தரவிட்டு, தவணை அட்டவணையும் இணைத்திருந்தது.

ஐந்தாம் தேதி முதல் தவணை வந்தது. அட்டைப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து இரண்டு காதுகள். வலது காதுக்குப் பின்னால் துறையின் வட்ட முத்திரை இருந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

தன்ஷிகா காதுகளை எடுத்து மேஜையில் தன்னைப் பார்த்த மாதிரி வைத்தாள். பல் விழுந்தது, ஆண்டு விழாவில் மயில் வேஷம் போட்டது, பக்கத்துப் பெஞ்சு ரிஷிகாவோடு டூ விட்டது, பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் தானே போய்த் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தது என்று மூன்று வருஷத்துக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னாள். காதுகள் எழுந்து போகாமல் கேட்டன. பெற்றோர் கூட்டத்துக் கதையில் இரண்டும் நன்றாகச் சிவந்துவிட்டன. அடுப்படியிலிருந்து கோமதி எட்டிப் பார்த்தாள். மனசு நிறைந்துபோயிற்று அவளுக்கு.

அட்டவணையில் அடுத்த தவணை நாக்கு என்று போட்டிருந்தது. கோமதி யோசித்துப் பார்த்துத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாக்குக்கு இப்போது அவசரம் இல்லை, அதைக் கடைசித் தவணையாக வைத்துக்கொள்ளலாம், பதிலாகக் கைகளை முன்கூட்டி அனுப்பினால் காலையில் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் பிள்ளைக்குச் சடை பின்ன உபயோகமாக இருக்கும் என்று கேட்டிருந்தாள். துறை ஒத்துக்கொண்டது. கைகள் செவ்வாய்க்கிழமை வந்தன. முதல் இரண்டு நாள் வகிடு கோணலாகத்தான் எடுத்தன. மூன்றாம் நாள் பழகிக்கொண்டன.