ஒலிபெருக்கியில் போன சிரிப்பு

மதியம் பன்னிரண்டேகாலுக்கு வண்டி வரிசை பெட்ரோல் பங்க் வரை நீண்டிருந்தது. வெர்லீன் ஒரு கையால் கோப்பையில் ஐஸ் அள்ளிக்கொண்டே மறு கையால் இடுப்பிலிருந்த ஹெட்செட் பொத்தானை அழுத்தினாள். மிசோரியின் அந்தச் சின்ன ஊரில், காரில் இருந்தபடியே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு ஜன்னலில் வாங்கிப்போகும் பர்கர் கடையில் பதினோரு வருஷமாக நிற்பவள். காதுமடலில் காய்ப்பு விழுந்திருந்தது.

"சொல்லுங்க கண்ணு, என்ன வேணும்?"

"வெர்லீன், நான்தான். ஒரு மீன் சாண்ட்விச், உப்பு போடாம வறுவல்."

ஹெட்டி க்ராண்டல். செவ்வாய்தோறும் டயாலிசிஸ் முடித்து, வீங்கிய காலோடு நேரே இங்கேதான் வருவாள். சர்ச்சில் வெர்லீனுக்கு முன் வரிசை.

அப்போது ஹெட்செட்டின் இரைச்சலுக்கு நடுவே ஒரு கரகரத்த குரல் புகுந்தது. "உனக்கு எதுக்குடி வறுவல்? வண்டி டயர் வெடிச்சிரப் போகுது!"

அடுப்படியில் நிற்கும் டுவேனின் குறும்பு, தங்கள் காதுக்குள் மட்டும் கேட்பது என்று நினைத்தாள் வெர்லீன். சட்டென்று சிரித்துவிட்டாள். விரல் பொத்தானிலேயே இருந்தது; கிண்டலும் சிரிப்பும் வெளியே ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டன.

ஜன்னலுக்கு வந்த ஹெட்டியின் முகம் சிவந்திருந்தது. "அந்தச் சிரிப்பு உன்னோடதுதானே?"

சூப்பர்வைசர் கிர்பி ஓடி வந்தான். இருபத்தாறு வயசு. "மன்னிப்புக் கேளு."

"நான் ஒண்ணும் சொல்லல கிர்பி. டுவேனும் இல்லைங்கிறான்."

"சிரிச்சியா, இல்லையா?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். "மன்னிச்சிரு ஹெட்டி," என்றாள் வெர்லீன். ஹெட்டி பொட்டலத்தை வாங்காமலே போய்விட்டாள். சாயங்காலம் கிர்பி நீட்டிய தாளில், வாடிக்கையாளரை அவமதித்ததாக வெர்லீன் கையெழுத்துப் போட்டாள். இன்னொரு தாள் வந்தால் வேலை போய்விடும்.

அடுத்த வாரம் அதே குரல் இரண்டு பேரைத் திட்டியது. அப்புறம்தான் அரசாங்க ரேடியோ அதிகாரி ஒருவர் காரின் மேல் ஆன்டெனாவோடு வந்து இரண்டு நாள் சுற்றினார். எதிர் மோட்டல் அறையிலிருந்து கைரேடியோவில் பேசிக்கொண்டிருந்த ஒருவன் பிடிபட்டான்.

"லைசென்ஸ் இல்லாம இந்த அலைவரிசையில பேசினது அவன் குத்தம்," என்றார் அதிகாரி, கடையின் பழைய ஹெட்செட்டைப் புரட்டிப் பார்த்தபடி. "ஆனா இதுக்குப் பூட்டுன்னு ஒண்ணு கிடையாது. யார் வேணா உள்ள வந்து பேசலாம்."

அவர் போனதும் வெர்லீன் கிர்பியிடம் போனாள். "இப்பவாவது அந்தத் தாளைக் கிழி. ஹெட்டிகிட்ட விஷயத்தைச் சொல்லு."

கிர்பி தரையைப் பார்த்தான். "முதலாளி வக்கீல்கிட்ட பேசிட்டாரு. நம்ம செட்டுல ஓட்டைன்னு தெரிஞ்சா கேஸ் போடுவாங்களாம். நீ மன்னிப்புக் கேட்டதோட அது முடிஞ்சுபோச்சு. யார் வாயைத் திறந்தாலும் வேலை போயிரும்னு சொல்லிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை ஹெட்டி வேறு வரிசையில் உட்கார்ந்தாள். அன்று மாலை வெர்லீன் அவள் வீட்டு வாசல்வரை போனாள். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சொன்னது நான் இல்லை என்று சொல்லலாம். சிரித்தது? மணியை அழுத்தப் போன கையை மடக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். தெருமுனை வரை முகம் எரிந்தது.

அந்த மாதமே புது செட் வந்தது. வெளியார் யாரும் நுழைய முடியாதது. முதலாளி மட்டும் நாற்பது மைல் தள்ளி, தன் வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் கேட்கலாம், பேசலாம்.

செவ்வாயன்று ஒரு கார் ஒலிபெருக்கியருகே நிற்காமல் நேரே ஜன்னலுக்கு வந்தது. ஹெட்டி கண்ணாடியை இரண்டங்குலம் இறக்கி, ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்.

வெர்லீன் பொட்டலத்தைக் கொடுக்கும்போது குனிந்தாள். "ஹெட்டி, அன்னிக்கு..."

காதுக்குள் இரைச்சலே இல்லாமல், பக்கத்தில் நிற்பதுபோல முதலாளியின் குரல் கேட்டது. "இந்தக் காருக்கு நாப்பது செகண்ட் ஆயிருச்சு வெர்லீன்."

ஹெட்டி காத்திருந்தாள். கை ஸ்டியரிங்கில், கண் வெர்லீனின் வாயில்.

"இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாகட்டும்," என்றாள் வெர்லீன், எல்லாக் காருக்கும் சொல்வதுபோல.

கண்ணாடி மேலேறி மூடிக்கொண்டது.