பட்டாளத்துச் சிவசாமியின் நான்கு பங்குகள்

பட்டாளத்துச் சிவசாமியின் கருமாதி முடிந்த மறுநாள் காலை, அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வலப்பனையில் மூத்த மகன் அழகர்மணியின் மரக்கறிக் கடைக்கு நடந்து வந்து, வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றன. முழங்காலுக்கு மேலே ஒன்றுமில்லை. அழகர்மணி கொத்மலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்த தங்கை சண்முகவடிவுக்குப் போன் எடுத்தான்.

"வடிவு, அப்பா காலு வந்திருக்கு."

"எந்தக் காலு?"

"ரெண்டும்தான். சப்பாத்து போட்டுவிடவா, செருப்பு போட்டுவிடவா?"

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், வடிவின் காம்பராவில், அடுப்புக்கு எதிரே, இரண்டு கைகள் அந்தரத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தன. வலது கட்டைவிரலில் பழைய தழும்பு. கடைசி வருடங்களில் அவள் சோறு ஊட்டும்போதெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கை அது.

எல்லாம் பங்கு வைத்ததால் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் சிவசாமி எகிப்து வரை போய், பாலைவனத்தில் ரோடு போட்டு, நான்கு பதக்கங்களோடு திரும்பியவர். நான்கும் ஒரே கம்பியில், பட்டியோடு பட்டி சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் சட்டையில் குத்திக்கொள்வார். நூறு வயதை நெருங்கி அவர் கண்ணை மூடினார். நிலமும் வீடும் சொந்தமில்லாத லயத்தில், பங்கு வைக்க இருப்பது பித்தளைச் செம்பும் கம்பளியும்தான். அதைச் சரியாக வைக்காவிட்டால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆகவே கருமாதி அன்றே, பெரியவர்கள் முன்னால், எல்லாம் பிரிக்கப்படும். பிள்ளைகள் நால்வர், பதக்கங்கள் நான்கு. இப்படிப் பிசகில்லாத பங்கு எந்தச் சாவு வீட்டிலும் அமைந்ததில்லை என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். அழகர்மணி கவ்வாத்துக் கத்தியால் பட்டிகளை அறுத்து, ஆளுக்கொரு பதக்கமாகக் கொடுத்தான். தேயிலையை வெட்டும் கத்தி. வெட்டினால் தளிர்க்கும் என்றே அங்கே எல்லோருக்கும் கை பழகியிருந்தது.

கந்தப்பளையில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை நாகலெட்சுமியின் வீட்டுக்கு அப்பாவின் குரல் போய்ச் சேர்ந்திருந்தது. "அக்கா, சோத்துப் பானைக்குப் பின்னால இருந்து பேசுறாருக்கா," என்று போனில் அழுதாள். "தேத்தண்ணியில சீனி பத்தலன்னு வந்ததுலருந்து எம் மருமகளத் திட்டுறாரு. அவ பெட்டியக் கட்டிட்டா." கடைசித் தம்பி நிரஞ்சன் மட்டும் தனக்கு ஒன்றும் வரவில்லை என்றான். இரண்டு நாள் கழித்து அதற்கான காரணத்தையும் சொன்னான். தன் பங்கை அவன் கருமாதி அன்றே, நுவரெலியாவில் பழைய பதக்கங்களைச் சேர்த்துவைக்கும், 'மெடல் மாத்தயா' என்று எல்லோரும் கூப்பிடும் சிங்களப் பெரியவருக்கு விற்றிருந்தான்.

கைகளோடு வாழ வடிவு பழகிக்கொண்டாள். கைகள் விறகு ஒடித்தன, கம்பளி மடித்தன. ஆனால் தினமும் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்தில், அவை மாடத்தில் இருந்த திருநீற்றை அள்ளி, நெற்றி இருக்க வேண்டிய உயரத்துக்குக் கொண்டுபோகும். அங்கே நெற்றி இராது. விரல்கள் வெறுங்காற்றைத் தடவித் தடவித் தேடும். திருநீறு பொலபொலவென்று தரையில் விழும். முதல் நாள் அதைப் பார்த்தபோது அவள் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை நழுவி உடைந்தது. அதற்குப் பிறகும் ஒரு நாள்கூட அவளால் அதைப் பதறாமல் பார்க்க முடியவில்லை. அப்பாவின் முகத்தைத் தேடி அவள் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினாள்.

மெடல் மாத்தயாவின் தகப்பன் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். அதனால் மாத்தயாவுக்குத் தமிழ் தோட்டத்துத் தமிழாகவே வந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலுமாரிகள் நின்றன. ஒன்றில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் மீசை, ஒன்றில் ஒரு தோள்பட்டை, ஒன்றில் ஒற்றைக் காது. ஜன்னலோர அலுமாரியில் அப்பாவின் முகம் இருந்தது. அவளைக் கண்டதும் அதன் கண்கள் நிறைந்தன. வாய் அசைந்தது. குரல் கந்தப்பளையில் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

"மெடல் செட்ட ஒடச்சது யாரும்மா?" என்று மாத்தயா கோபமாகக் கேட்டார். "வேற எவனோ ஒடச்சத ஒட்டவைக்கத்தான் நான் அலையுறேன். இந்தக் காதுக்காரரோட மத்த மெடலெல்லாம் கனடாவுல இருக்கு. எழுதிப் போட்டா தர மாட்டேங்குறானுங்க."

"அந்த ஒண்ணக் குடுத்துருங்க மாத்தயா. எங்கப்பா எங்க காம்பராவுல முழுசா இருக்கணும்."

"குடுத்துருவேன். நாளைக்கு நீங்க போய்ச் சேந்தா?"

வடிவு கண்ணாடியில் அப்பாவின் கன்னம் தெரிந்த இடத்தில் கையை வைத்தாள்.

"மறுபடியும் பங்குதானே வைப்பீங்க?"

அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அண்ணனுக்கு மூன்று பேர், தங்கைக்கு ஐந்து பேர், தம்பியைச் சொல்லவே வேண்டாம். அடுத்த கருமாதியில் அப்பா விரல் விரலாகப் போவார் என்பது வெயில் போலத் தெரிந்தது.

அவள் ஊருக்குத் திரும்பி அண்ணனையும் தங்கையையும் கூப்பிட்டு, மூன்று பங்கையும் மாத்தயாவிடமே கொடுத்து அப்பாவை ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று சொன்னாள். நாகலெட்சுமி உடனே சம்மதித்தாள். அழகர்மணிதான் முரண்டு பிடித்தான். கால்கள் காவல் நிற்பதால் கடையில் ஒரு கிழங்குகூடக் களவு போகவில்லை. "நம்ம அப்பாவ அந்நிய வீட்டுல கொண்டுபோய் வைக்கிறியே, உனக்கு நெஞ்சு இருக்கா?" என்றான். "முகம் இல்லாத மனுசன் திருநீறு பூசுறத நீ பாத்தியாண்ணே?" என்றாள் வடிவு. அவன் ஒரு நாள் விடியற்காலையில் வந்து பார்த்தான். கடைக்குத் திரும்பியதும் தன் பதக்கத்தைத் துணியில் முடிந்து வைத்தான்.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில் மூவரும் போனார்கள். பஸ்ஸில் கால்களுக்கு அரை டிக்கெட் கேட்டார்கள், அழகர்மணி எடுத்தான். குரல், சாரதி மெதுவாக ஓட்டுகிறான் என்று வழி நெடுகக் குறை சொல்லிக்கொண்டு வந்தது. கைகள் வடிவின் மடியில் இருந்தன. மாத்தயா பதக்கங்களை அவற்றின் வரிசையில் அடுக்கி, புதுப் பட்டி வைத்துத் தைத்தார். கடைசி முடிச்சு விழுந்ததும் அப்பா முழுதாக எழுந்து நின்றார். வடிவு திருநீற்றுப் பையை நீட்டினாள். அவர் அள்ளி நெற்றியில் பூசினார். தரையில் ஒரு துளிகூட விழவில்லை.

"பெரட்டு ஆச்சா?" என்றார்.

"ஆச்சுப்பா," என்றாள்.

இப்போதும் போயா தினங்களில் வடிவு வெற்றிலை வாங்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகிறாள். வெளியாட்களைப் போல முன்வாசலில் மணி அடித்துத்தான் உள்ளே போக வேண்டும். அப்பா பெரும்பாலும் காது இருக்கும் அலுமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு, பாலைவனத்தில் ரோடு போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், காதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டால் அவர்தான் திரும்பிப் பார்த்து, "கடைசி பஸ் போயிரும், கெளம்பும்மா," என்று அனுப்பி வைக்கிறார்.