மூன்றே தேறின

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், வாசல் ஷட்டரைப் பாதி தூக்கியபடியே விட்டுவிட்டு, கடைக்காரர் கணினி முன் உட்கார்ந்தார். இரண்டு நாளாக மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் வியாழன் கோள்.

மனைவியின் தம்பி பேருந்து ஓட்டுநர். சனிக்கிழமை தான் எடுத்த வியாழன் வீடியோவில் ஒரு விநாடி ஒளிப்புள்ளி மின்னியது, ஏதோ கல் விழுந்திருக்க வேண்டும் என்று வானம் பார்ப்போர் குழுவில் எழுதியிருந்தான். அதே நேரத்தில் தன் தொலைநோக்கிக் கேமராவில் வியாழனைப் படம்பிடித்திருந்த கடைக்காரர், தன் படத்தில் எதுவும் இல்லை, அவன் கேமராக் கோளாறாக இருக்கும் என்று பதில் போட்டார். குழுவில் அவர் சொன்னால் சொன்னதுதான். தம்பிக்கு ‘மின்மினி’ என்று பெயர் விழுந்தது.

இன்று காலைதான் மனைவி வாய் திறந்தாள். “அவன் கதை விடுற ஆளா? நீங்க முழுசாப் பார்த்துட்டுத்தான் சொன்னீங்களா?”

அவர் பார்த்தது கடைசியில் கிடைத்த ஒற்றைப் படத்தை மட்டும். மூன்று நிமிட வீடியோவில் பன்னிரண்டாயிரம் ஃபிரேம்கள். காற்றின் அசைவில் கோள் நெளியும். மென்பொருள் தெளிவான பத்தில் ஒரு பங்கைப் பொறுக்கி, கோளின் விளிம்பை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சராசரி எடுத்து ஒரே படமாக்கும். மீதியை அவர் அன்றன்றே அழித்துவிடுவார்.

மிஞ்சிய ஆயிரத்து இருநூறில் தம்பி சொன்ன விநாடியைத் தேடினார். அந்நேரம் காற்று மோசம், மூன்றே தேறியிருந்தன. முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கோளின் வடக்குப் பட்டைக்கு மேலே கடுகளவு வெள்ளை. மூன்றாவதிலும் அதே இடத்தில், இன்னும் மங்கலாக. சராசரியில் இரண்டும் கரைந்துபோயிருந்தன.

கேமராவில் தூசியோ என்று, பொருத்துவதற்கு முந்தைய நிலையில் வைத்துப் பார்த்தார்; தூசியென்றால் கோள் அசைந்தாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு ஃபிரேமுக்கும் இடையில் கோள் சற்று விலகியிருந்தது. வெள்ளையும் கூடவே விலகியிருந்தது.

தம்பியை அழைத்தார். அவன் பணிமனையில் இருந்தான்.

“மச்சான், நீ பார்த்தது சரி. எங்கிட்டயும் இருக்கு.”

“எங்கிட்ட சொல்லி என்ன அத்தான்? குழுவுல சொல்லுங்க.”

மெருகேற்றாத படத்தை அவர் யாருக்கும் காட்டியதில்லை. அந்த இரண்டையும் அப்படியே போட்டு, கீழே நேரத்தையும், ‘நான் சொன்னது தப்பு’ என்பதையும் எழுதினார்.

முதல் பதில் உடனே வந்தது: “அண்ணே, உங்க கடையில ஒரு நல்ல கண்ணாடியா பார்த்து எடுத்துக்குங்க.”

அவர் எழுந்து, ஷட்டரை முழுதாகத் தூக்கப் போனார்.